டேபிள்டாப் கேம்ல வேற ஜெண்டர் கேரக்டர் ஆடுறது எப்படி

டேபிள்டாப் ரோல்ப்ளேயிங் கேம்னா சுத்தி உக்காந்து ஆளுக்கொரு கேரக்டரா பேசி, டைஸ் உருட்டி ஒரு கதைய நகர்த்துறது. அதுல நம்ம கேரக்டரோட விவரம் எழுதற தாளான கேரக்டர் ஷீட் நிரப்பும்போது ஜெண்டர்ங்கற எடத்துல முக்கால்வாசி பேரு நின்னு யோசிக்கிறதே இல்ல, தன்னோடது எதுவோ அத எழுதிட்டு நேரா ஸ்ட்ரென்த் டெக்ஸ்டெரிட்டின்னு திறமைக்கு நம்பர் போடப் போயிடுவாங்க. இந்த தடவ அங்க வேற ஒண்ண எழுதிப் பாக்கலாமேன்னு உங்களுக்குத் தோணிருக்கு, ஆனா கூட ஆடுறவங்க என்ன நெனப்பாங்களோ, நமக்கு வருமா, யாரையாச்சும் சங்கடப்படுத்திடுவோமான்னு ஒரு தயக்கமும் இருக்கு. அந்தத் தயக்கம் இருக்கறது நல்லது, அது இல்லாம ஆரம்பிச்சு தப்பா போன ஆளு நான். பத்து வருஷத்துக்கு மேல ஆடுறேன், அதுல பாதி நேரம் டிஎம்மா, அதாவது கதைய நடத்துற டன்ஜன் மாஸ்டரா உக்காந்திருக்கேன், இப்போ நான் எடுக்கற கேரக்டர்ல பாதிக்கு மேல பெண்கள் தான். என் அனுபவத்துல கத்துக்கிட்டத மொத்தமா இங்க எழுதுறேன்.

எல்லாத்துக்கும் அடிப்படையா ஒண்ணு சொல்லிடறேன். பொண்ணுன்னு ஒரு கேரக்டர் கிடையாது, ஆம்பளைன்னும் ஒரு கேரக்டர் கிடையாது. இன்ன வேலை செய்யற, இன்னாருக்கு பயப்படுற, இன்னது வேணும்னு அலையற ஒரு குறிப்பிட்ட ஆளத் தான் நீங்க ஆட முடியும், அந்த ஆளு பெண்ணா இருக்கலாம் ஆணா இருக்கலாம் ரெண்டும் இல்லாமலும் இருக்கலாம். கீழ நான் சொல்ற எல்லாமே அந்த ஆளக் கண்டுபிடிக்கிறதுக்கான வழி தான்.

என்னோட மொத பெண் கேரக்டர் ஒரு ரோக், அதாவது பதுங்கிப் போய் திருடற வகை ஆளு, பேர் ஸிரா. பேக்ஸ்டோரின்னு எழுதினது ரெண்டே வரி, ரொம்ப அழகானவ, யாரையும் நம்ப மாட்டா. செஷன், அதாவது அன்னைக்கு ஆட்டம், ஆரம்பிச்சதும் குரலக் கீச்சுன்னு மாத்திக்கிட்டேன், வாசல்ல நின்ன காவலாளிகிட்ட கொஞ்சிப் பேசி உள்ள போனேன், அடுத்த காவலாளிகிட்டயும் அதே, கடைசில வில்லன்கிட்டயும் அதே. எல்லாரும் சிரிச்சாங்க, நல்லா ஆடுறோம்னு தான் நானும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். எங்க குரூப்ல அப்போ ஒரே ஒரு பொண்ணு தான், சாமி சக்தியால காயம் ஆத்தற க்ளெரிக் ஆடுவா, வழக்கமா எங்க எல்லாரையும் விட அதிகமா பேசறவ, அன்னைக்கு சண்டைல யாரு முன்னாடின்னு தீர்மானிக்கற இனிஷியேட்டிவ் நம்பர் சொல்றதத் தவிர வாயே தொறக்கல. கெளம்புற நேரத்துல டைஸ ஒவ்வொண்ணா பையில போட்டுக்கிட்டே கேட்டா, "அந்த ஸிரா மாதிரி ஒருத்திய நீ நேர்ல எங்கயாவது பாத்திருக்கியா?" கோவமா எல்லாம் கேக்கல, நெஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்ட மாதிரி தான் இருந்துச்சு. எங்கிட்ட பதில் இல்ல. எங்க அம்மா அப்படி இல்ல, அக்கா அப்படி இல்ல, கூட வேலை பாக்கறவங்க ஒருத்தர் கூட அப்படி இல்ல. நான் ஆடினது எனக்குத் தெரிஞ்ச எந்தப் பொண்ணையும் இல்ல. அந்தக் கேள்விய அடுத்து உருவாக்கின ஒவ்வொரு கேரக்டர்கிட்டயும் நான் கேட்டுக்கிட்டே இருக்கேன், நீங்களும் கேளுங்க, இப்படி ஒரு ஆள நான் பாத்திருக்கேனா?

இது என் ஒருத்தனோட பிரச்சன மட்டும் இல்ல, இந்த ஹாபியே இதுல இருந்து மெதுவா தான் வெளிய வந்திருக்கு. இந்த வகை கேமுக்கு ஆரம்பமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தது 1974ல. 1976ல அந்த கேமுக்கான டிராகன் பத்திரிகையோட மூணாவது இதழ்ல பெண் கேரக்டர்களுக்குன்னு தனி விதி போட்டு ஒரு கட்டுரை வந்துச்சு, அதுல ஆளுமையக் குறிக்கற கரிஸ்மாவுக்கு பதிலா ப்யூட்டின்னு ஒரு ஸ்கோர். 1978ல வந்த அட்வான்ஸ்டு எடிஷனோட ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்ல மனுஷ இனத்து ஆண் ஃபைட்டரோட ஸ்ட்ரென்த் 18/00 (இங்க 00ன்னா நூறு) வரைக்கும் போகலாம், பெண் ஃபைட்டருக்கு 18/50 தான் உச்சம். 1989ல ரெண்டாவது எடிஷன் வந்தப்போ அந்த வரம்பு போயிடுச்சு. 2014ல வந்த அஞ்சாவது எடிஷன்ல ஆணா ஆடினாலும் பெண்ணா ஆடினாலும் கூடுதலா எந்தப் பலனும் கிடையாது, கொறச்சலும் கிடையாது, இந்த ரெண்டுக்குள்ள தான் அடங்கணும்னும் இல்லன்னு நேராவே எழுதிட்டாங்க. அதாவது இப்போ ஷீட்ல இருக்கற நம்பர்ல எந்த வித்தியாசமும் கிடையாது, வித்தியாசம் வர்றதுன்னா அது நீங்க ஆடுற விதத்துல தான் வரணும்.

இன்னொரு விஷயம், இதெல்லாம் இயற்கையா வராதேன்னு பயப்படுறவங்க ஒரு நிமிஷம் டிஎம்ம பாருங்க. ராணியும் அவரு தான், கொல்லனும் அவரு தான், சத்திரக்கார அம்மாவும் அவங்க மகனும் அவரு தான், ஒரே சாயங்காலத்துல பத்து தடவ ஜெண்டர் மாறி ஆடுறாரு, ஒருத்தரும் ஏன்னு கேக்கறதில்ல. உங்ககிட்ட ஒரே ஒரு ஆளு தான் இருக்கு, அவர விட உங்களுக்கு நேரம் அதிகம்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பேசிக்க வேண்டியது

செஷன் ஜீரோல, அதாவது ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் பேசிக்கற சந்திப்புல, இத வாய்விட்டு சொல்லிடுங்க. "நான் இந்தத் தடவ ஒரு பெண் கேரக்டர் ஆடப்போறேன், சீரியஸா தான் ஆடப்போறேன், எங்கயாவது நெருடுச்சுன்னா சொல்லுங்க." அவ்வளவு தான், விளக்கம் எல்லாம் தேவையில்ல. அப்புறம் டிஎம்கிட்ட ஒண்ணு கேட்டுக்கோங்க, இந்த உலகத்துல ஜெண்டர வெச்சு ஆளுங்கள வேற மாதிரி நடத்துவாங்களா? இது ரொம்ப முக்கியம். நடத்த மாட்டாங்கன்னா உங்க படைத்தலைவி தன்னை நிரூபிக்க வேண்டிய தேவையே இல்ல, அவ பாட்டுக்கு படைத்தலைவி. நடத்துவாங்கன்னா அது எந்த அளவுக்கு, ஒவ்வொரு கதவுலயும் ஒருத்தன் மட்டம் தட்டுவானா இல்ல எப்பவாச்சும் ஒரு தடவயான்னு தெரியணும். வாழ்க்கைல இத தினமும் பாத்துட்டு வர்ற ஒருத்தங்க டேபிள்ல இருந்தா, விளையாட வந்த எடத்துலயும் அதையே பாக்க அவங்களுக்கு விருப்பம் இருக்காம போகலாம், அத முடிவு பண்றதுல அவங்க வார்த்தைக்கு எடை அதிகம்னு நான் நெனக்கிறேன்.

ரொமான்ஸ் வருமா வராதா, வந்தா எது வரைக்கும்ங்கறதையும் இங்கயே பேசிடுங்க. இதுக்கு நல்ல கருவிங்க இருக்கு. ரான் எட்வர்ட்ஸ் சொன்ன லைன்ஸ் அண்ட் வெயில்ஸ் ஒண்ணு, லைன்னா அந்த விஷயம் கதைக்குள்ள வரவே கூடாது, வெயில்னா (veil, திரை) வரலாம் ஆனா திரைக்குப் பின்னாடி நடந்ததா வெச்சுக்கிட்டு அடுத்த சீனுக்குப் போயிடுவோம். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்குன எக்ஸ் கார்ட் இன்னொண்ணு, ஒரு அட்டைல எக்ஸ்னு எழுதி நடுவுல வெச்சுடறது, யாருக்கு எது ஒத்துக்கலையோ தொட்டாப் போதும், காரணம் சொல்ல வேண்டாம், அந்த விஷயத்த எடுத்துட்டு மேல ஆடலாம். நாங்க ரெண்டுமே வெச்சிருக்கோம். கார்டத் தொட்டது மொத்தத்துல ரொம்ப கொஞ்ச தடவ தான், ஆனா அது அங்க இருக்குங்கறதே எல்லாரையும் தைரியமா ஆட வெக்குது.

ஆள உருவாக்கறது

வேலைல இருந்து ஆரம்பிங்க. ரோக், ஃபைட்டர் மாதிரி க்ளாஸ் இல்ல, வேலை. சாகசத்துக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி இந்த ஆளு என்ன பண்ணிட்டு இருந்தாங்க, அந்த வேலை உடம்புல என்ன விட்டுட்டுப் போயிருக்கு? நான் ஸிராவுக்கு அப்புறம் உருவாக்கினது ஓர்லா, வயசு 54, முப்பது வருஷம் கப்பலுக்குக் கயிறு முறுக்குனவ. உள்ளங்கை காய்ச்சுப் போயிருக்கும், எங்க முடிச்சப் பாத்தாலும் தொட்டுப் பாக்காம நகர மாட்டா, நெருப்ப ஒட்டி உக்கார மாட்டா, ஏன்னா தாரும் நாரும் இருக்கற எடத்துல ஒரு பொறி போதும்னு அவளுக்குத் தெரியும். இது மூணும் தெரிஞ்சதுமே அவ எப்படி நடப்பா, எதுக்கு எரிஞ்சு விழுவான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, பெண்ணா எப்படி நடிக்கறதுன்னு யோசிக்கவே வேண்டியிருக்கல.

வயசப் பத்தியும் ஒரு வார்த்த. வேற ஜெண்டர எடுக்கறவங்க பெரும்பாலும் 20 வயசுல, அழகா, கட்டுக்கோப்பான ஒரு ஆளத் தான் எடுக்கறாங்க. அது தப்புன்னு சொல்லல, ஆனா மொத தடவன்னா வயசானவங்களா எடுங்க, சத்தியமா ரொம்ப உதவும். அழகப் பத்தின பேச்சே வராது, அதனால ஆளப் பத்திப் பேசியே ஆகணும்.

அடுத்து, உங்க கேரக்டரோட அதே ஜெண்டர்ல அவங்களுக்கு முக்கியமான ரெண்டு பேரயாச்சும் எழுதுங்க. இது யாரும் சொல்லித் தராத விஷயம், நான் பல ஷீட்டப் பாத்துப் பாத்து கண்டுபிடிச்சது. ஆண்கள் எழுதுற பெண் கேரக்டரோட பேக்ஸ்டோரிய எடுத்துப் பாருங்க, அப்பா இருப்பாரு, செத்துப்போன அண்ணன் இருப்பான், சொல்லிக் குடுத்த குரு ஒரு கெழவர், துரோகம் பண்ண காதலன், அந்த உலகத்துலயே அவ ஒருத்தி தான் பெண். எந்தப் பெண்ணும் அப்படி வாழறது கிடையாது, அவங்கள வளத்தவங்க, கூட சண்ட போட்டவங்க, பொறாமப்பட்டவங்க, கடன் குடுத்தவங்கன்னு சுத்தி பெண்கள் இருப்பாங்க. ஓர்லாவுக்கு ஒரு பழைய கூட்டாளி, பேர் மெட்டா, ரெண்டு பேரும் பதினஞ்சு வருஷமா பேசிக்கறதில்ல, காரணம் ஒரு கப்பல்ல அறுந்து போன கயிறு யாரு முறுக்குனதுங்கற தகராறு. அந்த ஒரு வரி எங்க கேம்பெய்ன, அதாவது பல செஷனா தொடர்ற கதைய, ரெண்டு மாசம் ஓட வெச்சுச்சு. ஆண் கேரக்டர் எழுதுற பெண்களுக்கும் இதே தான், அவனுக்கு ஒரு நண்பன வெய்ங்க, ஒரு தம்பிய வெய்ங்க, அவன் யார மாதிரி ஆகக்கூடாதுன்னு நெனக்கிறானோ அந்த மனுஷன வெய்ங்க.

பெண் கேரக்டர்னா பாலியல் கொடுமைய பேக்ஸ்டோரில வெக்கறது ஒரு பழக்கமாவே ஆயிடுச்சு, பழி வாங்க ஒரு காரணம் வேணும்னு. தயவு செஞ்சு வேணாம். பக்கத்துல உக்காந்திருக்கறவங்க வாழ்க்கைல என்ன நடந்திருக்குன்னு உங்களுக்குத் தெரியாது, ஒருத்தருக்கு நடந்த காயம் இன்னொருத்தரோட ஷீட்ல ரெண்டு வரி மோட்டிவா கெடக்கறத அவங்க பாக்க வேண்டியதில்ல. பழி வாங்க ஆயிரம் காரணம் இருக்கு, வயல எரிச்சாங்க, பேரத் திருடுனாங்க, கூட வந்தவங்கள விட்டுட்டு ஓடுனாங்க.

எழுதி முடிச்சதும் பேக்ஸ்டோரில ஜெண்டர மட்டும் மாத்திப் படிச்சுப் பாருங்க. ஆணா மாத்துனா எந்த வரியாச்சும் அபத்தமா தெரியுதா? உதாரணத்துக்கு "அவன் அழகா இருந்ததால ஊரே அவன வெறுத்துச்சு". அப்படித் தெரியற வரிகள எடுத்து யோசிங்க, சிலது உண்மையாவே அந்த உலகம் அவள நடத்துன விதமா இருக்கும், அது இருக்கட்டும், மத்தது எல்லாம் நம்ம தலைக்குள்ள ஏற்கனவே இருந்த அச்சு.

ஆடும்போது

குரல மாத்தணுமான்னு தான் எல்லாரும் மொதல்ல கேக்கறாங்க. வேண்டாம். கீச்சுக் குரல இருபது நிமிஷத்துக்கு மேல தாங்கவும் முடியாது, ஒரு சோகமான சீன் வந்தா அந்தக் குரல்ல அது நகைச்சுவையா போயிடும், கேக்கற பெண்களுக்கு தன்னப் பாத்துப் பழிப்பு காட்டுற மாதிரியும் இருக்கும். பெண்கள் ஆண் கேரக்டருக்காக உறுமுறதும் அப்படித் தான், தொண்ட தான் புண்ணாகும். அதுக்கு பதிலா வேகத்த மாத்துங்க, ஓர்லா எப்பவும் ஒரு நொடி தாமதிச்சு தான் பதில் சொல்லுவா, சின்னச் சின்ன வாக்கியமா பேசுவா. எத கவனிக்கறாங்கங்கறத மாத்துங்க, ஒரு ரூமுக்குள்ள போனதும் உங்க ஆளு கண்ணு எங்க போகும்? ஒரு கை அசைவு வெச்சுக்கோங்க. நான் ஓர்லாவா பேசும்போது கட்டைவிரலால உள்ளங்கையத் தேய்ப்பேன், மூணாவது செஷன்ல இருந்து நான் கையத் தேய்ச்சாலே எல்லாரும் என் பக்கம் திரும்ப ஆரம்பிச்சாங்க.

இப்போ தமிழ்ல ஆடுறவங்களுக்கு மட்டும் இருக்கற ஒரு சிக்கல். நம்ம பாஷைல "நான் வந்தேன்"னு சொன்னாலும் "நீ வந்தே"ன்னு சொன்னாலும் ஜெண்டரே தெரியாது, "அவன் வந்தான்", "அவ வந்தா"ன்னு மூணாவது ஆளா சொல்லும்போது தான் தெரியும். நீங்க மூணு மணி நேரமா நான் கதவத் தொறக்கறேன், நான் வாள உருவறேன்னு சொல்லிக்கிட்டு இருக்கீங்க, கேக்கறவங்க கண்ணுக்கு முன்னாடி இருக்கறது உங்க மூஞ்சி, ஓர்லாங்கற பெண் அங்க இருக்கறதையே மறந்துடறாங்க, டிஎம்மே "சரி, அவன் உள்ள போறான், அப்புறம்?"னு சொல்லிடுவாரு. யாரும் வேணும்னு பண்றதில்ல. இதுக்கு நான் பண்றது என்னன்னா, ஒரு அட்டைய மடிச்சு முன்னாடி நிக்க வெச்சு அதுல பேரும் கீழ "அவ"ன்னும் எழுதி வெச்சுடுவேன், எல்லாரும் தன் கேரக்டருக்கு எழுதி வெச்சுட்டா இன்னும் நல்லது. ஒவ்வொரு சீனோட மொத வரிய மட்டும் மூணாவது ஆளா சொல்லுவேன், "ஓர்லா மெதுவா படி ஏறி வர்றா, மூச்சு வாங்குது", அதுக்கப்புறம் நான்னு மாறிடுவேன். யாராச்சும் அவன்னு சொன்னா நடுவுல ஒரே ஒரு வார்த்த, "அவ", அவ்வளவு தான், அவங்களும் "ஆங், அவ"ன்னு சொல்லிட்டுப் போகட்டும், மன்னிப்பு விளக்கம்னு ஆட்டத்த நிறுத்த வேண்டாம்.

டா டி விஷயத்துலயும் கொஞ்சம் கவனமா இருங்க. டா இப்போ எல்லாரும் எல்லாரையும் பாசமா கூப்புடறதா ஆயிடுச்சு, ஆனா டி அப்படி இல்ல, யாரு வாய்ல இருந்து வருதுங்கறதப் பொறுத்து அது பாசமாவும் இருக்கும் அறை விட்ட மாதிரியும் இருக்கும். ஒரு பையன் ஆடுற பெண் கேரக்டர இன்னொரு பையன் வாடி போடின்னு கூப்புடறது அந்தக் கேரக்டருங்க உறவுக்குள்ள பொருந்துதா இல்ல ஆடுற பையன கிண்டல் பண்றதான்னு பாருங்க, ரெண்டாவதுன்னா அங்கயே நிறுத்துங்க.

சரி, ஆணோ பெண்ணோ இல்லாத கேரக்டர்னா? தமிழ்ல அவங்க வந்தாங்கன்னு அழகா சொல்லலாம், ஏற்கனவே மரியாதையா பேசறதுக்கு நாம பழகுன வார்த்த தான், நாக்குக்கு எந்தக் கஷ்டமும் இல்ல. ஒரே குழப்பம், பலரக் குறிக்கவும் அதே வார்த்த தான், சண்ட நடுவுல "அவங்க பின்வாங்குறாங்க"ன்னா ஒருத்தரா மொத்தக் கூட்டமான்னு தெரியாது, அங்க பேரச் சொல்லிடுங்க. அது வந்துச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க, ஆடுறவங்களே கேட்டாலொழிய. டிராகனுக்கு சரி, மனுஷங்களுக்கு வலிக்கும்.

ஒரு சீன முழுசா சொல்றேன், இதெல்லாம் சேர்ந்து எப்படி இருக்கும்னு தெரியறதுக்கு. எங்க பார்ட்டி, அதாவது எங்க கேரக்டருங்க கூட்டம், ஒரு கோட்ட வாசலுக்கு வந்துச்சு. எங்க உலகத்துல பெண்கள மட்டம் தட்டுறது எப்பவாச்சும் வரும்னு முன்னாடியே பேசி வெச்சிருந்தோம். காவல் தலைவன் ஓர்லாவத் தாண்டி பின்னாடி நின்ன, புனித வீரனான 19 வயசு பாலடின்கிட்ட பேசறான், "உங்க கூட்டத்துக்கு யாரு தலைவர்? நீங்களா?" ஸிரா காலத்து நான்னா கண்ணடிச்சிருப்பேன். அதுக்கு அடுத்த கட்டத்துல இருந்த நான்னா வாள உருவி, மிரட்டறதுக்கு டைஸ் உருட்டற இன்டிமிடேஷன் ரோல் கேட்டிருப்பேன், ஏன்னா வலிமையான பெண்ணுன்னா உடனே அடிக்கணும்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. அன்னைக்கு ஒரு நொடி நிறுத்தி, கையத் தேய்ச்சு, இந்த எடத்துல ஓர்லா கண்ணு எங்க போகும்னு யோசிச்சேன். கதவத் தூக்கற கயித்துக்கு. டிஎம்கிட்ட கேட்டேன், "அந்தக் கயிறு எப்படி இருக்கு?" அவரு சிரிச்சுட்டு, பழசு, நனைஞ்சு நனைஞ்சு கருத்துப்போயிருக்குன்னாரு. ஓர்லா காவல் தலைவனப் பாக்கவே இல்ல, கயித்த ரெண்டு விரலால புடிச்சு ஒரு இழையப் பிரிச்சுக் காமிச்சா. "இது இன்னும் ரெண்டு மழைக்குத் தாங்கும். மூணாவது மழைல கதவு விழும்போது கீழ நிக்கறது உன் ஆளுங்களா, எங்க ஆளுங்களா?" டிஎம் டைஸ கையில எடுத்தவரு அப்படியே கீழ வெச்சுட்டாரு, ரோல் வேண்டாம்னு தலைய ஆட்டுனாரு. காவல் தலைவன் இப்போ ஓர்லா பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க உள்ள வாங்க"ன்னான். அந்த க்ளெரிக் ஆடுற பொண்ணு இந்த கேம்பெய்ன்லயும் எங்க கூட இருந்தா, அன்னைக்கு அவ எதுவும் சொல்லல, ஆனா அடுத்த செஷன்ல அவ கேரக்டர் ஓர்லாகிட்ட முடிச்சு போடக் கத்துக்குடுக்கச் சொல்லி கேட்டா.

ரொமான்ஸ் சீன்

இது தான் நெறய பேருக்கு பயம், நான் ஒரு பெண்ணா ஆடி இன்னொரு கேரக்டர காதலிச்சா நெஜத்துல அந்த ஆளுகிட்ட வழியறதா நெனச்சுடுவாங்களோன்னு. வழி சுலபம். அந்த மாதிரி சீன்ல நான்லருந்து அவளுக்கு மாறிடுங்க, "ஓர்லா அவரு பக்கத்துல வந்து உக்காந்துக்கறா, எதுவும் பேசல". ஆளப் பாத்துப் பேசாம டேபிளப் பாத்துப் பேசுங்க. தொடுறதா இருந்தா முன்னாடியே கேளுங்க, "அவ கையப் புடிக்கலாமா?" கேக்கறதால எதுவும் கெட்டுப்போறதில்ல. சில கேம்ல இதுக்கு விதியே இருக்கு. அவெரி ஆல்டர் உருவாக்கி 2012ல வந்த மான்ஸ்டர்ஹார்ட்ஸ்ல உங்க கேரக்டருக்கு யாரு மேல ஈர்ப்பு வரும்ங்கறது உங்க கையில கிடையாது, எதிர்ல இருக்கறவங்க போடுற ரோல் அதத் தீர்மானிக்கும், வந்த ஈர்ப்ப வெச்சு என்ன பண்றதுன்னு தான் நீங்க முடிவு பண்ணலாம். பதின்ம வயசுக் குழப்பத்தப் பத்தின கேம் அது, அதுக்கு அந்த விதி ரொம்ப பொருத்தம், ஆனா நல்லா பழகுன, மொதல்லயே பேசி வெச்ச குரூப்போட மட்டும் ஆடுங்க.

பெண்கள் ஆண் கேரக்டர் ஆடும்போது நான் அடிக்கடி பாக்கறது, பேசாத, சிரிக்காத, மூலைல நிக்கற ஒரு ஆளு. ஆண்னா உணர்ச்சியே இருக்காதுன்னு ஒரு அச்சு, ஸிராவுக்கு நேர் எதிர்ல இருக்கற அச்சு. அவன் எதுக்கு அழுவான், யாருகிட்ட வாய் ஓயாம பேசுவான், எந்த விஷயத்துல வெக்கப்படுவான்னு மூணு பதில் எழுதிப் பாருங்க, அந்த ஆளு மூலைய விட்டு வெளிய வந்துடுவான்.

திருநங்கை, திருநம்பி கேரக்டர் ஆடப்போறீங்கன்னா அத கதையோட திருப்பமா வெக்காதீங்க. 1979ல வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட்ல போட்டா ஜெண்டர் மாறிடற ஒரு இடுப்புப் பட்டை உண்டு, மாறுறதே ஒரு சாபம்ங்கற மாதிரி தான் எழுதியிருந்தாங்க. நாம அங்கயிருந்து ரொம்ப தூரம் வந்திருக்கணும். திடீர்னு உண்மை வெளிப்பட்டு மத்த கேரக்டருங்க அதிர்ச்சியாகற சீன் வேண்டவே வேண்டாம், மொத நாள்லயே எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயமா இருக்கட்டும், அவங்க கதை வேற எதப் பத்தியாவது இருக்கட்டும், தொலைஞ்ச தங்கச்சியத் தேடலாம், கடன அடைக்கலாம், ஒரு மலைல யாரும் ஏறாத பக்கத்துல ஏறலாம். 2010ல வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டுங்கற கேம்ல கேரக்டர் தோற்றத்தத் தேர்ந்தெடுக்கற பட்டியல்ல ஆண் பெண்ணோட சேர்த்து தெளிவில்லாதது, மறைச்சு வெச்சதுங்கற மாதிரி தேர்வும் அதே வரிசைல சாதாரணமா இருக்கும். எனக்கு அந்த சாதாரணம் தான் புடிச்சிருக்கு.

இது கூடவே சொல்ல வேண்டியது. சில பேரு வேற ஜெண்டர ஆடுறது வெறும் ஆசைக்கு இல்ல, தனக்குள்ள இருக்கற ஒரு கேள்விக்கு பதில் தேடுறதுக்கு. கேரக்டரோட உணர்ச்சி ஆடுறவங்களுக்குள்ள கசியறத ப்ளீட்னு சொல்லுவாங்க, வேற பேர்ல, வேற விகுதில தன்னைக் கூப்புடறத மொத தடவ கேக்கும்போது ஒருத்தருக்குள்ள என்ன நடக்கும்னு வெளிய இருக்கற நமக்குத் தெரியாது. அதனால நீ ஏன் பொண்ணா ஆடுறன்னு யாரையும் கேக்காதீங்க. குள்ளனா ஆடுறவன ஏன்னு நாம கேக்கறதில்லையே. அவங்களா சொன்னா கேளுங்க, சொன்னத டேபிள விட்டு வெளிய கொண்டு போகாதீங்க.

தப்பு நடந்தா

நடக்கும். யாராச்சும் இது சரியில்லன்னு சொன்னா, கேரக்டர் அப்படிப்பட்டவ தான்னு மட்டும் பதில் சொல்லாதீங்க, அந்தக் கேரக்டர எழுதினது நீங்க தான். எது நெருடுச்சுன்னு ஒரு தடவ கேளுங்க, சரின்னு சொல்லுங்க, மாத்திட்டு ஆட்டத்தத் தொடருங்க. குரூப்ல இருக்கற ஒரே பெண்ண எல்லாத்துக்கும் சரிபாக்கற ஆளா ஆக்கிடாதீங்க, அவங்களும் விளையாடத் தான் வந்திருக்காங்க, ஒவ்வொரு சீனுக்கும் திரும்பிப் பாத்து இது ஓகேவான்னு கேட்டா அவங்களுக்கு அது வேலை ஆயிடும்.

டிஎம்மா இருக்கறவங்களுக்கு ரெண்டே விஷயம். ஒண்ணு, உங்க என்பிசிங்க, அதாவது நீங்க ஆடுற மத்த ஆளுங்க, அந்தக் கேரக்டர எப்படி நடத்துறாங்களோ அதே மாதிரி தான் டேபிளும் நடத்தும், அதனால ஒரு பையன் பெண் கேரக்டர் கொண்டு வந்த உடனே சத்திரத்துல இருக்கற குடிகாரங்க எல்லாரும் அவ பின்னாடி சுத்துறத நிறுத்துங்க, அவ தொழிலப் பத்திக் கேக்கற ஒரு என்பிசிய கொண்டு வாங்க. ரெண்டு, விகுதிய மொதல்ல நீங்க சரியா சொல்லுங்க, மத்தவங்களுக்குத் தானா வந்துடும்.

எங்க ஆரம்பிக்கறதுன்னா, நீளமான கேம்பெய்ன்ல குதிக்காம ஒரு ஒன்ஷாட்ல, அதாவது ஒரே செஷன்ல முடியற கேம்ல, ஆரம்பிங்க. நான் எல்லாருக்கும் சொல்றது ஜேசன் மார்னிங்ஸ்டார் உருவாக்குன நைட் விட்சஸ். ரெண்டாம் உலகப்போர்ல சோவியத் யூனியன்ல முழுக்க பெண்களே இருந்த 588வது இரவு குண்டுவீச்சுப் படைப்பிரிவு, விமானம் ஓட்டுனவங்க, வழி சொன்னவங்க, மெக்கானிக் வரைக்கும் பெண்கள், மரமும் துணியும் வெச்சு செஞ்ச போ-2 விமானத்துல 1942ல இருந்து ராத்திரி ராத்திரி பறந்தாங்க. அந்த கேம்ல டேபிள்ல இருக்கற எல்லாருமே அவங்கள்ல ஒருத்தியா தான் ஆடணும். இதுல என்ன விசேஷம்னா, எல்லாருமே பெண்ணா இருக்கும்போது பெண்ணுங்கறது யாரோட அடையாளமும் இல்லாம போயிடுது. அப்போ என் விமானி உங்க விமானில இருந்து எப்படி வேற ஆளுன்னு தேட வேண்டி வருது, ஒருத்தி ஒவ்வொரு தடவ பறக்கறதுக்கு முன்னாடியும் என்ஜினத் தட்டிப் பாப்பா, ஒருத்தி மேலதிகாரிகிட்ட பொய் சொல்லுவா, ஒருத்தி தன் ஜோடி திரும்பி வராத ராத்திரில இருந்து தூங்குறதில்ல. நாலே பேரு, மூணு மணி நேரம், குரல மாத்தாம ஆடிப் பாருங்க.

ஆடி முடிச்சதும் உடனே கலைஞ்சுடாதீங்க. ஒரு பத்து நிமிஷம் கேரக்டர கீழ வெச்சுட்டு, சொந்தப் பேருல ஒருத்தர ஒருத்தர் கூப்புட்டுப் பேசுங்க, எந்த சீன் புடிச்சுது, எங்க ஒரு மாதிரி இருந்துச்சுன்னு. அன்னைக்கு அந்த க்ளெரிக் ஆடுற பொண்ணு எங்கிட்ட கெளம்பும்போது கேட்டாளே, அந்த மாதிரி கேள்வி எல்லாம் இந்தப் பத்து நிமிஷத்துல தான் வரும். கேட்டத ஷீட்டுக்குப் பின்பக்கம் பென்சில்ல குறிச்சு வெச்சுக்கோங்க, அடுத்த செஷனுக்கு முன்னாடி எடுத்துப் படிக்கலாம்.